முதல் நாற்பது விநாடி

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் கம்பெனி அந்தப் பேரைப் பேனரில் போட்டது, நோட்டீஸில் போட்டது, பெரிய திரையில் ஓட்டியது. காரியம் முடிந்ததும் பட்டியலிலிருந்து அடித்தது. என் பங்குக்கு நானும் அதை எடுத்து ஆள விருப்பமில்லை. அக்கா என்றே சொல்கிறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் வடக்கனந்தல் பக்கம் வந்து 'மருந்தடிக்கிற அக்கா' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

பயிருக்குப் பூச்சி மருந்தடிப்பது எங்கள் பக்கத்தில் ஆம்பளை வேலை. பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை பயிர்க் காட்டில் நடக்க வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர்தான் முதலில் அந்தக் கூலி வேலைக்குப் போனவர். அவருக்கு இடுப்பு போனதும் டேங்க் சுவரோரம் கிடந்தது. ஒரு வாரம் பார்த்தார் அக்கா. எட்டாம் நாள் காலை வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, டேங்கை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் நாலு விதமாகப் பேசியது. "டேங்குக்குத் தெரியுமா நான் பொம்பளைன்னு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். ஒரே வருஷத்தில், நிலம் வைத்திருக்கிறவர்கள் ஆண்களை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். காரணம் அவர் வேலை மட்டும் இல்லை, அவர் வாயும்தான்.

எதைப் பற்றிக் கேட்டாலும் அக்கா முதலில் குறையைச் சொல்வார். டீக்கடையில், "டீ எப்படிக்கா?" என்றால், "தண்ணி ஜாஸ்தி, டம்ளரு சரியா கழுவல. ஆனா இஞ்சி தட்டிப் போட்டுக்கிறான், தொண்டைக்கு நல்லா கீது" என்பார். டீக்கடைக்காரர் முறைப்பார். மறுநாள் டம்ளர் பளிச்சென்று இருக்கும்.

ஒரு தடவை சங்கராபுரத்திலிருந்து ஒரு குடும்பம் அக்கா ஊர் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றி விசாரிக்க வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். அந்த நாலு பேரும் 'தங்கமான பையன்' என்று சொல்லி அனுப்புவதும் வழக்கம். கடைசியில் அக்காவிடம் வந்தார்கள். "பையனுக்கு ஒரு காது மந்தம். கோவம் வந்தா சோத்துத் தட்டத் தள்ளிவுட்டுட்டு எழுந்து போயிடுவான்," என்று ஆரம்பித்தார் அக்கா. "ஆனா பொழுது சாஞ்சா வூட்லதான் இருப்பான். குடிக்கமாட்டான். அவங்கம்மா காலுக்கு தெனம் தைலம் தேச்சிவுடுவான், நானே கண்ணால பாத்துகிறேன்."

மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான். பெண் வீட்டாரோ அன்றைக்கே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். "மத்தவங்க எல்லாம் தங்கம் தங்கம்னாங்க. இந்தம்மா ஒருத்தர்தான் பையன நெசமாவே பாத்துருக்காங்க," என்றாராம் பெண்ணின் அப்பா. அந்தக் கல்யாணத்தில் அக்காவுக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றும் பாயசம் பிரமாதம் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

"கொறைய மொதல்ல எறக்கி வச்சிரணும் தம்பி," என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "அப்பறம் சொன்னாதான் நல்லதுக்கு காது நிக்கும்."

எனக்கு அவர் பழக்கமானது என் வேலையால். சொந்த ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சியில் ரூம் எடுத்துத் தங்கி, பேட்டரியில் ஓடும் மருந்து டேங்க் விற்கும் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மக்காச்சோளக் காட்டோரம் போகும்போது அக்கா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். வண்டியின் முன்னால் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார்.

"இந்த டேங்கு விக்கிறவன் நீதானா?"

"ஆமாங்க்கா."

"இந்தத் தோளு வார யாரு வச்சது? இட்டுக்கினு வா அவன. ஒரு நாளு மாட்டிக்கினு நடக்கச் சொல்லு." சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். வார் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஆனா மோட்டாரு நல்ல மோட்டாரு. வாங்கி ரெண்டு வருசமாச்சி, ஒரு நாளு நின்னதில்ல. சன்னமா வுழுது, மருந்தும் கம்மியாதான் புடிக்குது," என்றார்.

அறுக்கிற வாருக்குப் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அந்த மாதமே அந்த ஊரில் மூன்று டேங்க் விற்றது. வாங்கிய மூன்று பேரும் கடையில் ஒரே மாதிரி சொன்னார்கள்: "வாருதான் சரியில்லியாம், துணி சுத்திக்கணுமாம். மோட்டாரு நல்லதாம். அக்கா சொல்லுச்சி." நான் கட்டுக்கட்டாக நோட்டீஸ் கொடுத்தும் நடக்காத காரியம் அது. அக்காவுக்கு இதில் கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பருவத்தில் கல்வராயன் மலையிலிருந்தும் அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளிமலை பஸ்ஸில் டேங்கை மடியில் வைத்துக்கொண்டு போவார். மலைக்காரர்கள் கீழே இருந்து வருகிறவர்களைச் சீக்கிரம் நம்ப மாட்டார்கள். நம்பிக் கெட்ட கதை அவர்களிடம் நிறைய இருக்கிறது. எங்கள் கம்பெனி இரண்டு தடவை ஏறிப் போய், கும்பிடு போட்டுவிட்டு ஒரு டேங்கும் விற்காமல் இறங்கி வந்திருந்தது. அக்காவை மட்டும் நம்பினார்கள். மேலே கிழங்குக் காடு வைத்திருந்த ஒரு பெண் எனக்கே சொன்னார்: "இது மொதல்ல கெட்டதச் சொல்லுது. ஏமாத்த வந்தவ எவளாவது கெட்டதச் சொல்லுவாளா?"

இதையெல்லாம் மேனேஜர் காதில் போட்டது நான்தான். மார்தட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக இருந்திருந்தால் பரவாயில்லை.

மேனேஜர் அப்போதுதான் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நம்மைப் பற்றி நாம் பேசக் கூடாதாம், விசுவாசமான வாடிக்கையாளர்தான் பேச வேண்டுமாம். கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் விழாவுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே அவர்களைச் 'சூடு பண்ண' வேண்டும், விழா அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், அவர்களுக்கு 'வாடிக்கையாளர் தூதர்' என்று பட்டம் கொடுக்க வேண்டும். மனுஷியைச் சூடு பண்ண அடுப்பிலா வைத்திருக்கிறோம் என்று இப்போது கேட்கத் தெரிகிறது. அன்றைக்கு நான் முதல் ஆளாகத் தலையாட்டி, தூதருக்கான ஃபாரத்தை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

ஃபாரத்தில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. "ஆடி மாசம், நல்லா மழ பேஞ்ச நாளு," என்றார் அக்கா. கட்டத்தில் ஆடி மழையை எப்படி நிரப்புவது? நானே ஒரு தேதியைப் போட்டேன். அந்தத் தேதியில் சென்னையிலிருந்து யாரோ ஒரு பெண் போன் செய்து பிறந்தநாள் பாட்டுப் பாடியிருக்கிறாள். அக்கா அப்போது பாதிக் காட்டில், கையெல்லாம் மருந்தோடு நின்றிருக்கிறார். சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குத் தம்பி பொறந்த நாளு?"

"உங்களுக்குத்தான்க்கா. ஒரு மரியாதைக்கு."

"மரியாத குடுக்கணும்னா வார மாத்தச் சொல்லு. பாட்டு எதுக்கு?"

அடுத்து ஒரு தொப்பி வந்தது. "இதப் போட்டுக்கினு நான் பேசினா, பேசறது நானா தொப்பியான்னு கேப்பாங்க," என்று சொல்லி, பக்கத்துக் கொல்லையில் குருவி விரட்ட நட்டிருந்த பொம்மையின் தலையில் மாட்டிவிட்டார். ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: என் வாய் எனக்கு வேண்டும், அதை உங்களுக்குத் தர முடியாது என்று. நாங்கள் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு புது மாடல் வந்தது. எடை கம்மி, பளபளவென்று பச்சை நிறம், வாரில் மெத்தை. வாரை மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். விழாவுக்கு இருபது நாள் முன்னால் ஒன்றைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்து, அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள், வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மொதல்ல முதுவு சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன்," என்றார்.

வடக்கனந்தலில் ஒரு நாள் அடித்துப் பார்த்தார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனவர் ஒரு வாரம் கழித்து இறங்கினார். வெள்ளிமலை பஸ் வந்து நிற்கும் இடத்தில் நான் காத்திருந்தேன். இறங்கியதும் திரும்பி நின்று முடியை ஒதுக்கிக் காட்டினார். பிடரியிலிருந்து நடுமுதுகுவரை தோல் சிவந்து தடித்திருந்தது.

விஷயம் இதுதான். சமதரையில் அந்த டேங்க் ஒரு சொட்டு ஒழுகாது. கம்பெனியில் சோதித்தவர்கள் சிமெண்ட் தரையில் நடந்து சோதித்திருப்பார்கள். மலையில் காடு என்றால் சரிவு. சரிவில் குனிந்து ஏறிக்கொண்டே சோளக் குருத்துக்கு மருந்தடிக்கும்போது டேங்க் தலைப்பக்கம் சாய்கிறது. மூடிக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் மெலிசு. மருந்து மூடி வழியாகக் கசிந்து பிடரியில் இறங்குகிறது. குனிந்து வேலை செய்கிறவருக்கு அது வேர்வையா மருந்தா என்று உடனே தெரியாது.

அங்கேயே ஒரு புளியமரத்தடியில் நிற்கவைத்து வீடியோ எடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிஷம். முதல் நாற்பது விநாடி குறை, மீதி எல்லாம் நிறை. அக்காவின் கணக்கு அப்படித்தானே. எடுத்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் சொன்னத அப்படியே காட்டுவியா?"

"அப்படியே காட்டுவேன்க்கா," என்றேன்.

மேனேஜர் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். "பிரமாதம்ப்பா. முகமும் பேச்சும் அவ்வளவு உண்மையா இருக்கு. அந்த முதல் நாற்பது செகண்டை மட்டும் எடுத்துடு."

"சார், அதுதான் சார் முக்கியம்னு சொன்னாங்க. மலையில ஒழுகுதாம்."

"விழா முடியட்டும், வாஷரைப் பார்த்துக்கலாம். நாம பொய் எதுவும் சேர்க்கலையே? அவங்க சொன்னதைத்தானே போடறோம், கொஞ்சம் சுருக்கி."

"சரிங்க சார்," என்றேன். இரண்டே வார்த்தை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வண்டி மேல் உட்கார்ந்து, ஒரு கையில் போண்டாவை வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் அந்த நாற்பது விநாடியை வெட்டினேன். போண்டா ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த வருஷம் சிறந்த பிரதிநிதி கேடயம் எனக்குத்தான் என்று மேனேஜர் ஏற்கெனவே ஜாடை காட்டியிருந்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெட்டிய வீடியோ மலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது. வருஷக்கணக்கில் ஏறாத டேங்க் ஒரே வாரத்தில் ஏறியது. இரண்டு வீட்டார் விழாவுக்குக் காத்திராமல் கடையிலிருந்தே வாங்கிப் போனார்கள். இன்னும் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் பதிவு செய்தார்கள். விழா மேடையில் அக்கா கையாலேயே அவர்களுக்கு டேங்க் கொடுப்பது என்று ஏற்பாடு.

விழா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம், பன்னீர், கற்கண்டு எல்லாம் இருந்தது. அக்காவுக்குக் கம்பெனியின் வெள்ளை டி-ஷர்ட் கொடுத்தார்கள். வழக்கம்போல் அதைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டார். முதுகில் 'எங்கள் நம்பிக்கை' என்று எழுதியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். மலையிலிருந்து வேனில் வந்தவர்கள் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பேசறப்ப அந்த மூடி சமாச்சாரத்த இவங்களுக்கு இன்னொரு வாட்டி சொல்லிடணும் தம்பி," என்றார்.

"சரிங்க்கா," என்றேன். அவருக்குப் பேச வாய்ப்பே இல்லை என்று எனக்குக் காலையிலேயே தெரியும். நிகழ்ச்சி நிரலில் அவர் பேருக்கு நேரே 'சால்வை' என்று மட்டும் இருந்தது. மைக் கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும், வீடியோவே போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

விளக்கை அணைத்துத் திரையில் வீடியோவை ஓட்டினார்கள். அக்காவின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "எட கம்மி. வாரு மெத்துனு கீது. தோளு வலிக்கல," என்று பேச ஆரம்பித்தது. முன்வரிசையில் அக்கா முதலில் சிரித்தார், பெரிய திரையில் தன்னைப் பார்த்த கூச்சத்தில். பிறகு சிரிப்பு நின்றது. வீடியோ முடிந்து கைதட்டும்போது, பின்னால் இருந்த கிழங்குக் காட்டுப் பெண் அவர் தோளைத் தட்டினார்.

"நல்லாச் சொன்ன. இதப் பாத்துதான் கெளம்பி வந்தோம்."

"இதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேனே, அதப் பாத்தியா?"

"முன்னாடியா? எங்களுக்கு வந்தது இவ்ளோதான்."

அக்கா திரும்பி என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒன்றும் இல்லை.

மேடைக்குக் கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அக்கா மைக்குக்குக் கையை நீட்டினார். தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே நகர்த்திக்கொண்டார். "நேரம் இல்லம்மா. சாப்பாடு ரெடியாயிடுச்சு, டேங்கைக் கொடுத்துடலாம்." வரிசையாக டேங்க் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா ஒன்றைக்கூடக் கையால் தொடவில்லை. சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

மேடைக்குக் கீழே செயல்விளக்கத்துக்காக ஒரு டேங்க் வைத்திருந்தார்கள். தெளிப்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று அதில் நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தார்கள். அக்கா அதைத் தூக்கி முதுகில் மாட்டினார். மேடைப் படியை நோக்கி நடந்தார். மலைச் சரிவில் ஏறுவதுபோல இடுப்பை வளைத்துக் குனிந்து, கையை இப்படியும் அப்படியும் வீசி மருந்தடிப்பதுபோலக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார். மறுபக்கம் இறங்கிச் சுற்றி வந்து மறுபடி ஏறினார். "பாத்தீங்களா, நம்ம தூதர் அக்கா எவ்வளவு ஈஸியா தூக்கிட்டுப் போறாங்க!" என்று தொகுப்பாளர் மைக்கில் கூவினார். மண்டபமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் விழுகிறது.

மூன்றாம் தடவை ஏறி நின்று, டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளைச் சட்டையில் நீலம் இறங்கியிருந்தது. 'எங்கள் நம்பிக்கை' மேல் அது சொட்டிக்கொண்டிருந்தது. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மைக் இல்லாமலே அக்கா கத்தினார்.

"இது தண்ணி! இதே மருந்தா இருந்தா இன்னா ஆவும்? நான் மொதல்ல இதத்தான் சொன்னேன், வெட்டிட்டாங்க! மூடி மாத்தற வரைக்கும் மலையில எவரும் இத மாட்டாதீங்க!"

உடனே பாட்டைப் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். கிழங்குக் காட்டுப் பெண் தன் பெட்டியைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தார். "எங்கூட்டுக்கு வாணாம்," என்றார், யாரையும் பார்க்காமல். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வைத்தார்கள். மற்றவர்களுடைய பெட்டிகள் அதற்குள் வேனில் ஏறிவிட்டன. பாதிப் பேர் நடந்தது என்ன என்று புரியாமலே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

கைகழுவும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"மொதல்ல சொன்னது எங்க தம்பி?"

"அழிஞ்சிபோச்சிக்கா. போன்ல எடம் இல்லாம..."

என் முகத்தையே பார்த்தார். "சரி, அது கெடக்கட்டும். வண்டிய எடு, மேல போவலாம். எடுத்துக்கினு போனவங்க நாளைக்கே அடிக்க ஆரம்பிச்சிருவாங்க. மின்னாடி வாங்குன ரெண்டு வூட்ல எப்பவோ ஆரம்பிச்சிருப்பாங்க."

"மீட்டிங் இருக்குக்கா," என்றேன்.

மீட்டிங் எதுவும் இல்லை. கேடயம் வாங்க வேண்டியிருந்தது. அக்கா ஒரு சைக்கிள் கடையில் பழைய டியூப் நாலைந்து வாங்கிக்கொண்டு, அந்த நீலக் கறைச் சட்டையோடேயே வெள்ளிமலை பஸ் ஏறினார். மூன்று நாள் வீடு வீடாக நடந்து, டியூபை வளையமாக நறுக்கி ஒவ்வொரு மூடிக்கும் வாஷர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். முன்னால் வாங்கிய இரண்டு வீடுகளில் ஒன்றில், மருந்தடித்த பெண் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவர் புருஷன் அக்காவை வாசலில் நிற்கவைத்து, "உன் வாய நம்பித்தானே வாங்கினேன்," என்று கேட்டாராம். அக்கா அந்த வீட்டு டேங்குக்கும் வாஷர் போட்டாராம்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை குறைந்தது. மருந்துக் கடைக்காரர்கள்தான் எங்கள் டேங்கையும் விற்கிறவர்கள். யாரை வைத்து மருந்தடிப்பது என்று விவசாயிகள் கேட்பதும் அவர்களிடம்தான். அந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி, வேற ஆளைப் பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்லிக் கம்பெனியிலிருந்து போன் போனது. அதில் ஒரு கடைக்குப் போன் செய்தவன் நான். எந்த வாய்க்காக அவரைத் தேடி வந்தார்களோ அந்த வாய்க்காகவே விலக்கினார்கள். ஒரு பருவம் தாக்குப்பிடித்தார். அடுத்த பருவத்தில் குடும்பத்தோடு பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார். நம்பரும் மாறிவிட்டது.

அடுத்த வருஷ மாடலில் மூடிக்குத் தடித்த வாஷர் வந்தது. 'வாடிக்கையாளர் கருத்துக்கு மதிப்பளித்து' என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். எந்த வாடிக்கையாளர் என்று போடவில்லை. அந்த நோட்டீஸையும் ஊர் ஊராகக் கொடுத்தவன் நான்தான். இன்னும் இதே கம்பெனியில்தான் இருக்கிறேன். கேடயம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன வாரம் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. அவர் இப்போது பதவியில் இன்னும் மேலே போய்விட்டார். இந்த வருஷ விழாவில் 'மறக்க முடியாத தூதர்கள்' என்று ஒரு பகுதி வைக்கிறார்களாம், பழைய வீடியோக்கள் இருந்தால் அனுப்ப வேண்டுமாம். 'அந்த மலை அக்கா வீடியோ உன்கிட்ட இருக்குமே, செம உண்மையா இருக்கும்' என்று எழுதியிருந்தார்.

இருந்தது. அழியவே இல்லை. இதுவரை மூன்று போன் மாற்றிவிட்டேன், மூன்றிலும் முழு வீடியோவை மறக்காமல் ஏற்றி வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை அதை அப்படியே, வெட்டாமல், விழாக் குழுவுக்கும் மலைக்காரர்களின் குழுக்களுக்கும் அனுப்பினேன். இதில் வீரம் ஒன்றும் கிடையாது. அந்த மாடலே இப்போது விற்பனையில் இல்லை, யார் முதுகும் இதனால் தப்பப்போவதில்லை. மேனேஜர் ஏழு தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. பார்க்காதவர்களுக்காக அந்த முதல் நாற்பது விநாடியை இங்கே எழுதுகிறேன். புளியமரத்தடியில், டேங்கைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து அக்கா சொன்னது இது:

"மொதல்ல என் தப்ப சொல்லிடறேன். வடக்கனந்தல்ல சமதரையில ஒரே ஒரு நாளு அடிச்சிப் பாத்துட்டு, மலையில ரெண்டு பேருகிட்ட நல்லா கீதுன்னு சொல்லிட்டேன். அவசரப்பட்டுட்டேன். சரிவுல குனிஞ்சா இது மூடிகிட்ட ஒழுவுது. என் முதுவ இந்தத் தம்பிகிட்ட காட்டிட்டேன். வாஷரு மாத்தற வரைக்கும் மலைக்காரங்க யாரும் வாங்காதீங்க. வாங்கி வச்சிக்கிறவங்க சைக்கிள் டியூப வளையமா நறுக்கி உள்ள போட்டுக்குங்க. இந்தத் தம்பி நல்ல புள்ள, கம்பெனியில சொல்லி மாத்திக் குடுத்துரும். கொற இவ்ளோதான். இப்ப நல்லதச் சொல்றேன், கேளுங்க."